ஆவடியில் சுருட்டிய கூந்தல் பெரம்பூர் வரை தாங்குமா? ஒரு முதற்கட்ட ஆய்வு

கூந்தல் ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. பெண்ணின் கூந்தலுக்கு மணம் பிறவியிலேயே உண்டா, பூவாலும் புகையாலும் வந்ததா என்று மதுரைச் சங்கத்தில் சிவபெருமானோடே மல்லுக்கு நின்றவர் நக்கீரர். ஆனால் சுருளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்று கூந்தலை முடிப்பதில் ஐந்து வகை சொன்ன முன்னோரும், ஐந்தாவது வகை எவ்வளவு நேரம் நிற்கும் என்று குறித்துவைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு, யாரும் கேட்காமலேயே, ஆவடியில் உள்ள எங்கள் வீட்டின் தலையில் விழுந்தது.

ஐப்பசியில் பெரம்பூர் மண்டபம் ஒன்றில் சித்தி மகனுக்கு ரிசப்ஷன். பார்லருக்குக் கொடுக்கும் காசில் மெஷினே வாங்கிவிடலாம் என்று என் தங்கை ஆன்லைனில் ஒரு கர்லிங் அயர்ன் வரவழைத்தாள். ஒத்திகை புரட்டாசியிலேயே தொடங்கியது. ஆய்வுக்கூடம், பீரோ கண்ணாடி. துணைக்கருவிகள், பல் உடைந்த சீப்பும் கொஞ்சம் கிளிப்பும்.

முதலில் அலகைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருள் ‘நாள் முழுதும்’ நிற்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. எந்த ஊர் நாள் என்று போடவில்லை. பாரிஸில் ஒரு நாளும் ஐப்பசி ஆவடியில் ஒரு நாளும் ஒன்றாகிவிடுமா? ஆகவே சுருளின் ஆயுளை ரயில் நிலையங்களால் அளப்பதே நம் பகுதிக்குப் பொருந்தும். ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் லோகோ, பெரம்பூர் கேரேஜ், பெரம்பூர். ஆவடியில் நம்மோடு ஏறிய சுருள் எந்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறதோ, அதுவரைதான் அதன் ஆயுள்.

மேல்நாட்டு முன்னோடிகளில் இருவரைத் தவிர்க்க முடியாது. பாரிஸில் மார்செல் கிராத்தோ 1870களில் சூடான இடுக்கியால் கூந்தலில் அலை வரவழைத்துப் பேரும் பணமும் சம்பாதித்தார். அடுத்தவர் ஜெர்மானியரான கார்ல் நெஸ்லர். குளித்தாலும் போகாத சுருளைத் தேடிய அவர், தொடக்ககாலச் சோதனைகளில் கோமியத்தையும் தண்ணீரையும் கலந்து பூசி, சூடேற்றிய பித்தளை உருளைகளில் முடியைச் சுற்றினார். சோதனைக்குத் தலை கொடுத்தவர் அவர் மனைவி கத்தரீனா. முடி பொசுங்கிப்போய் தலைத்தோலும் வெந்தது. அதன் பிறகும் அந்த அம்மா தலை கொடுத்தார்; 1906இல் லண்டனில் நெஸ்லர் தன் முறையை ஊரறியக் காட்டினார். வரலாறு அவரைத்தான் விஞ்ஞானி என்கிறது. என் கணக்கில் அந்தப் பட்டம் கத்தரீனாவுக்குப் போக வேண்டும்.

இனி வேதியியல். முடியின் பெரும்பகுதி கெராட்டின் என்னும் புரதம். அதன் இழைகளை இரண்டு முக்கியப் பிணைப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு வாடகைக்குக் குடியிருப்பது. சூடு பட்டாலோ ஈரம் பட்டாலோ காலி செய்துவிடும். கந்தகத்தாலான டைசல்பைடு பிணைப்போ பட்டா வைத்திருப்பது; ரசாயனம் ஊற்றிப் ‘பெர்மிங்’ செய்தால்தான் அசையும். கர்லிங் அயர்ன் பேரம் பேசுவதெல்லாம் வாடகைக்காரரோடு மட்டுமே. சூட்டில் பிரியும் ஹைட்ரஜன் பிணைப்பு, ஆறும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி குடியேறும். பிறகு காற்றின் ஈரம் வந்து கதவைத் தட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையின் ஈரப்பதம் எண்பது சதவீதத்தைச் சுற்றியே திரிவதால், தட்டல் ஓயாது.

மேற்படி கந்தகம் முதல் நாளே தன் இருப்பைக் காட்டிவிட்டது. சூட்டை 200 டிகிரிக்கு ஏற்றி, தங்கை ஒரு கற்றையைச் சுற்றிக்கொண்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் புகை. கீழ் வீட்டு அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டே படியேறி வந்தார். “என்னக்கா இது, புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா கோழி வாட்டுறீங்க?” அப்போது அம்மா பெருமாள் படத்துக்கு முன்னால் மாவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அறிவியல் கீழ் வீட்டு அக்காவின் பக்கமே நிற்கிறது. கோழி இறகும் கெராட்டின்தான். தீய்ந்தால் இரண்டுக்கும் ஒரே நாற்றம். இதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னதில் நிலைமை மேலும் மோசமானது.

அடுத்த தடை தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைக்காத தலை பேய் பிடித்த தலை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எண்ணெய்த் தலையில் இரும்பை வைத்தால் சுருள் வராது, பொரியல்தான் வரும். அலசியும் முழுசாகக் காயாத முடியோ இன்னும் ஆபத்து. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடித்தண்டையே குமிழ் குமிழாகக் கெடுத்துவிடும். அந்தச் சொய்ங் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

திருப்புமுனை அம்பத்தூரிலிருந்து வந்தது. 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, காபி டம்ளரோடு கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார். “ஏம்மா, கம்பிய ராடுல சுத்திட்டு விட்டா, விட்ட கையோட கொஞ்சம் விரியும். அதனால வேண்டிய சைஸைவிடச் சின்ன ராடுலதான் சுத்துவோம். நீ என்னடான்னா உலக்கை மாதிரி ஒண்ண வெச்சிருக்க. போதாக்குறைக்கு, ஆறுறதுக்குள்ள இழுத்து இழுத்து வேற பாக்கற.”

பாரிஸும் லண்டனும் சேர்ந்து எங்களுக்குச் சொல்லாததை மாமா ஒரு மடக்குக் காபிக்குள் சொல்லிவிட்டார். 32 மில்லிமீட்டர் குழாயை ஒதுக்கிவிட்டு 25க்கு மாறினோம். விரல் அகலக் கற்றை, சூடு 180க்கு மேல் இல்லை, பத்து வினாடிக்குள் விடுதலை. விட்ட சுருளை உள்ளங்கையில் அப்படியே வாங்கி, தலையோடு சேர்த்துக் கிளிப் போட்டு, முழுசாக ஆறும்வரை தொடாமல் இருப்பதுதான் சூட்சுமம். சுருளை உண்டாக்குவது சூடு என்று உலகம் நம்புகிறது. சூடு பழைய வளைவை அழிக்கிறது, அவ்வளவே. புதியதை எழுதுவது ஆறுகிற நேரம்.

முடிவுகள் வருமாறு. ஆறவிடாத சுருள் அண்ணனூரிலேயே இறங்கிக்கொண்டது. கிளிப் போட்டு ஆறவிட்டது அம்பத்தூரைத் தெம்பாகக் கடந்தது. கொரட்டூர் ஏரிப் பக்கம் ஜன்னல் காற்றில் தளர்ந்தது. ஹேர் ஸ்பிரே என்னும் மெல்லிய மழைக்கோட்டைப் போர்த்தியது வில்லிவாக்கம் வரை வந்தது. லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஜன்னலோர சீட்டைத் தியாகம் செய்தால் ஒரு ஸ்டேஷன் கூடுதலாகக் கிடைக்கும். பூந்தமல்லிவாசிகளுக்கு இந்த அளவுகோல் உதவாது. அங்கே பஸ் உண்டு, ஸ்கூட்டர் உண்டு, ஸ்கூட்டர் என்றால் ஹெல்மெட் உண்டு. ஹெல்மெட்டுக்குள் போன சுருளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுருளைக் காப்பாற்ற ஹெல்மெட்டைக் கழற்றினால் அபராதம் 1000 ரூபாய். பார்லர் செலவு அதோடு சரியாய்ப் போகும்.

ரிசப்ஷன் அன்று அடைமழை. இருந்தும் முறைப்படி எல்லாம் செய்து, ரயிலேறிப் பெரம்பூர் மண்டபம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பன்னீர் தெளித்த அத்தை தங்கையின் கூந்தலைத் தடவிப் பார்த்து, “சூப்பரா இருக்குடி, ஸ்ட்ரெய்ட்டனிங் எங்க பண்ணின?” என்று கேட்டார்.

மேலாய்வுக்கு வழி காட்டியவர் அம்மா. அதே தடத்தில் எதிர்ப்பக்கம் போகிற ரயில் திருத்தணிக்குப் போகிறது. அங்கே மொட்டைக்கு 2021 முதல் கட்டணமும் கிடையாது.