ஓவிய வேற்றுமையியல்

ஓர் ஓவியம் யார் யார் கையில் இருந்து வந்தது என்று துருவுகிறவர்கள் படத்தின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்ப்பார்கள். வீடு வாங்கப் போகிறவர் மூலப்பத்திரத்தில் தொடங்கி வில்லங்கச் சான்று வரை புரட்டுவது மாதிரியான காரியம் இது. முதுகில் அரக்கு முத்திரை இருக்கும், ஏலக் கம்பெனி போட்ட எண் இருக்கும், இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் சொத்து என்றால் கிரீடத்தோடு சுட்ட சூட்டுக்குறியே இருக்கும். எல்லாவற்றையும் கோத்து முடிவில் ஒரு பத்தி எழுதுவார்கள். இன்னார், இன்ன ஊர், இன்ன ஆண்டு, பிறகு இன்னார், பிறகு இன்னார். பெயர்கள் வரிசையாக நிற்கும், நடுவில் அரைப்புள்ளி மட்டும் நிற்கும். கல்யாணம், கடன், கொலை எல்லாம் அந்த அரைப்புள்ளிக்குள் கிடக்கும்.

பெயருக்கும் பெயருக்கும் என்ன உறவு என்று சொல்லவே நம் இலக்கணிகள் வேற்றுமை வகுத்தார்கள். ஆகவே இந்தத் துறைக்கு நூல் செய்யப் புகுவோன் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எட்டும் கைவசம் உள்ளன. விலைக்கு வாங்கியது, தானமாக வந்தது, வாரிசாகப் பெற்றது என்று மூன்றே பெட்டிகளில் அடைத்துவிடலாம் என்பாரும் உளர். அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பது உதாரணத்தைப் பார்த்தால் விளங்கும்.

உதாரணம்: டிஷியன் வரைந்த ‘ஐரோப்பா’. காளை உருவெடுத்த ஜீயஸ், பினீசிய இளவரசி ஒருத்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் பாய்கிறான். அவள் ஒரு கையால் கொம்பைப் பற்றியபடி சரிந்து கிடக்கிறாள், சிவப்புத் துகில் காற்றில் பறக்கிறது. ஓவிட் எழுதிய உருமாற்றக் கதைகளில் ஒன்று இது. எழுபதைத் தொட்ட கிழவர் வெனிஸில் வரைந்து 1562இல் ஸ்பெயினுக்கு அனுப்பினார். கடத்திக் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண்ணின் படம் அடுத்த முந்நூற்று முப்பது ஆண்டுகளில் நான்கு நாடுகள் பார்த்தது. அதை இன்று பாஸ்டனில் பார்க்கலாம்.

முதலாவது எழுவாய். இதற்கு உருபு இல்லை, பெரும்பாலும் சம்பளமும் இல்லை. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு இதையும் சேர்த்து ஆறு புராணப் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பிய டிஷியன், கூடவே தமக்கு வர வேண்டிய உதவித்தொகை பாக்கியையும் கடிதத்துக்குக் கடிதம் நினைவூட்டினார். எழுவாய் தொழிலைச் செய்யும். பயன் வேறொரு பெயரைச் சேரும். இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவதன் உருபு ஐ. ஆக்குவது, அழிப்பது, அடைவது, கைவிடுவது எல்லாமே இதன் பொருளில் அடங்கும் என்று நம் இலக்கணம் சொல்வதால், இதை விரித்தால் மற்ற ஏழுக்கும் வேலையில்லாமல் போய்விடும். எனவே சுருக்கமாக: 1554இல் மேரி அரசியை மணந்து லண்டனில் இருந்த பிலிப்புக்கு ‘வீனஸும் அடோனிஸும்’ வந்து சேர்ந்தபோது படத்தின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மாப்பிள்ளை குறைபட்டுக் கடிதம் எழுதினார். படத்தை மடித்தவர் யார் என்று வரலாற்றில் இல்லை. செயப்படுபொருள் மட்டும் மாட்ரிட்டின் பிராதோவில் இருக்கிறது.

மூன்றாவதற்கு ஆல், ஓடு என இரு உருபுகள். ‘ஆல்’ என்பது கருவிப் பொருள்: பணத்தால் வாங்கினார், கடனால் விற்றார். எளிது என்று தோன்றும். ‘ஓடு’ உடனிகழ்ச்சி, நான் அதிகம் மதிப்பது அதைத்தான். ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா 1654இல் முடியைத் துறந்து கத்தோலிக்கராகி ரோமுக்குப் போனார். கிரீடத்தை விட்டுவிட்டுப் போனார்; படங்கள் அவரோடு போயின. இவற்றில் பல, 1648இல் ஸ்வீடிஷ் படை பிராகாவின் அரண்மனையைச் சூறையாடியபோது கிடைத்தவை. கொரெஜ்ஜோவின் ‘லீடாவும் அன்னமும்’ அவற்றுள் ஒன்று. இந்த லீடாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாம் வேற்றுமையில் அவள் தலை போகும்.

நான்காவது கு. இதன் பொருளாகக் கொடையும் வரும், பகையும் வரும், நட்பும் வரும். ஒரே உருபில் இவ்வளவையும் ஏன் அடைத்தார்கள் என்று கேட்போர், இராஜதந்திரிகள் படம் கொடுத்த கதையைப் படிக்க வேண்டும்.

1623இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் பெயரை மாற்றிக்கொண்டு மாட்ரிட் வந்து இறங்கினார். நான்காம் பிலிப்பின் தங்கையை மணந்துகொண்டு போவது திட்டம். மச்சான் ஆகப் போகிறவருக்குப் படப் பைத்தியம் என்று தெரிந்ததும் அரண்மனை தாராளம் காட்டியது. ‘ஐரோப்பா’வும் டிஷியனின் இரண்டு டயானா படங்களும் அவருக்கு என்று பெட்டியில் கட்டியும் வைத்தார்கள். மதம் குறுக்கே நின்றது, கல்யாணம் நின்றது. சார்லஸ் பெண் இல்லாமல் ஊர் திரும்பினார். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டே ஆண்டில் ஆங்கிலேயக் கப்பல்கள் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கின. ‘சார்லஸுக்குக் கொடுத்தார்’ என்பதில் இருந்த உருபே ‘ஸ்பெயினுக்குப் பகை’ என்பதிலும் நின்றது. உருபு மாறவே இல்லை.

ஆனால் கையோடு ஒரு டிஷியன் அவருக்குக் கிடைத்தது, ‘பார்தோ வீனஸ்’. 1649இல் சார்லஸின் தலை வெட்டப்பட்டதும் அரச சேகரம் விற்பனைக்கு வந்தது. அரண்மனைக்குக் குழாய் வேலை செய்து பாக்கி நின்றவருக்குக்கூடக் காசுக்குப் பதில் படங்கள் பங்காகப் போயின. பார்தோ வீனஸை வாங்கியவர் கர்னல் ஜான் ஹட்சின்சன். அரசரின் மரண ஓலையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அவர். பிறகு அது கார்டினல் மஸாரானிடம் போய், பதினான்காம் லூயியிடம் போய், லூவ்ரில் நிற்கிறது.

‘ஐரோப்பா’வுக்கு உண்மையான கொடை 1704இல் வந்தது. ஸ்பெயின் அரியணைக்கு யார் என்ற போர் நடந்துகொண்டிருந்த நேரம். அரியணையில் இருந்த ஐந்தாம் பிலிப், லூயியின் பேரன். அவர் பிரெஞ்சுத் தூதர் கிராமோன் டியூக்குக்கு டிஷியன் படங்களைக் கொடுத்தார். தூதர் வழியாக அவை ஆர்லியன்ஸ் டியூக்கின் பாரிஸ் மாளிகையான பாலே ரொயாலுக்குப் போய்ச் சேர்ந்தன. தாத்தாவின் படையை நம்பி ஆள்கிற பேரன், தாத்தாவின் தூதருக்குப் பரிசு கொடுப்பதை எந்தப் பொருளில் அடக்குவது? ‘பொருட்டு’ என்றொரு பொருளும் நான்காவதற்கு உண்டு, அதுவே சாலும்.

ஐந்தாவது இன். நீங்கல், ஒப்பு இரண்டும் இதற்கு உரியவை. நீங்கலைச் சொல்ல வேண்டியதில்லை, மாட்ரிட்டிலிருந்து படம் நீங்கிவிட்டது. ஒப்புதான் வேடிக்கை. நீங்குவதற்கு எழுபத்தைந்து ஆண்டு முன்பே, 1628-29இல் மாட்ரிட் வந்த ரூபன்ஸ் இதை அப்படியே நகலெடுத்திருந்தார். வெலாஸ்கெஸ் தம் ‘நூற்போர்’ ஓவியத்தின் பின்னணியில் தொங்கும் திரைச்சீலையில் இதே ஐரோப்பாவை நெய்து வைத்தார். இரண்டும் பிராதோவில் இருக்கின்றன. அசல் போன பிறகும் மாட்ரிட்டில் அதன் சாயல் இரண்டு தங்கிவிட்டன. உடைமை ஆவணங்களில் ஒப்பு ஒரு பெரும் தொல்லை: பழைய பட்டியலில் ‘ஐரோப்பா, டிஷியன்’ என்று கண்டால் அது அசலா நகலா என்று அளவும் எண்ணும் பார்த்தபின்தான் வாய் திறக்கலாம்.

ஆறாவது அது. இது கிழமைப் பொருளில் வரும். கிழமை இருவகை: பிரிக்க முடியாதது தற்கிழமை, பிரியக்கூடியது பிறிதின்கிழமை. சொந்தக்காரர்கள் அனைவரும் தம் படம் தற்கிழமை என்று எண்ணியே சாகிறார்கள். அருங்காட்சியகப் பத்தியில் இதைக் குறிக்கும் தொடர் ‘வழிவழியாக’ என்பது. அமைதியான சொல், எனக்கு இதைக் கண்டால்தான் பயம்.

ஆர்லியன்ஸ் வழியைப் பாருங்கள். சேகரித்தவர் டியூக் பிலிப், பிரான்ஸை எட்டாண்டு பதிலாளாக ஆண்டவர், உல்லாசி. கிறிஸ்டினாவின் படங்களையும் 1721இல் அவர்தான் ரோமிலிருந்து வரவழைத்தார், லீடா உட்பட. மகன் லூயி பக்திமான். அப்பா மாட்டிவைத்திருந்த லீடாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கத்தியை எடுத்துப் படத்தை வெட்டினார், தலையை அழித்தார். துண்டுகள் ஓவியர் கொய்ப்பலிடம் போய், ஒட்டப்பட்டு, 1755இல் பிரஷ்யாவின் பிரெடரிக்கிடம் போயின. நெப்போலியன் தூக்கிப் போனதும், திரும்பி வந்ததும் அதன் பின். இன்று பெர்லினில் இருக்கும் லீடாவின் தலை கொரெஜ்ஜோ வரைந்ததன்று. ‘ஐரோப்பா’ ஏன் அந்தக் கத்திக்குத் தப்பியது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: அவளுடைய முகம் பாதி நிழலில் இருக்கிறது.

கொள்ளுப்பேரன் இன்னொரு பிலிப். புரட்சி வந்ததும் தம் பெயரை ‘சமத்துவம்’ என்று மாற்றிக்கொண்டவர்; பதினாறாம் லூயியைக் கொல்ல வாக்களித்தவர்; 1793 நவம்பரில் தாமும் கில்லட்டினுக்குப் போனவர். அதற்கு முன்பே கடன் தலைக்கு மேல் ஏறி, இத்தாலியப் படங்கள் பிரஸ்ஸல்ஸ் வங்கியாளர் ஒருவருக்குக் கைமாறின. அவர் லாபம் வைத்து லாபோர்த் என்பவருக்கு விற்றார், லாபோர்த் படங்களோடு லண்டனுக்கு ஓடினார். உடனிகழ்ச்சி மீண்டும்.

1798இல் மூன்று ஆங்கிலப் பிரபுக்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். முதல்வர் பிரிட்ஜ்வாட்டர் டியூக், நிலக்கரியும் கால்வாயும் தந்த பணக்காரர். சுமார் 43,000 பவுண்டுக்கு மொத்தத்தையும் வாங்கி, நல்லவை 94ஐத் தாங்கள் ஒதுக்கிக்கொண்டு, ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் நுழைவுக் கட்டணத்தோடு காட்சிக்கு வைத்து, மீதியை விற்றார்கள். விற்ற பணமும் கட்டணமும் போட்ட முதலை ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன. ‘பணத்தால் வாங்கினார்’ என்ற தொடரில் ‘ஆல்’ எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு இதைவிடக் காட்டு வேண்டாம். டயானா படங்கள் இரண்டும் பிரிட்ஜ்வாட்டர் பங்கு. அவர் வாரிசுகளிடமிருந்து பிரிட்டிஷ் அரசு அருங்காட்சியகங்கள் 2009இல் ஒன்றை 50 மில்லியன் பவுண்டுக்கும் 2012இல் மற்றதை 45 மில்லியனுக்கும் வாங்கின. அந்த வாரிசுகளுக்கு அவை வழிவழியாக வந்தவை.

இனி உருபு மயக்கம். ஓர் உருபு நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பது. 1813இல் விட்டோரியா போரில் தோற்ற ஜோசப் போனபார்ட், நெப்போலியன் ஸ்பெயின் அரியணையில் அமர்த்திய அண்ணன், தப்பி ஓடியபோது, அவர் வண்டியில் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிய துணிகள் கிடந்தன. வெல்லிங்டன் அவற்றை லண்டனுக்கு அனுப்பிப் பார்த்தால் ஸ்பெயின் அரசர் சொத்து. இரண்டாம் பிலிப்புக்கென டிஷியன் வரைந்த ‘டானாயே’யும் அதில் இருந்தது, நெடுங்காலம் நகல் என்று எண்ணப்பட்டு. திருப்பித் தருகிறேன் என்று வெல்லிங்டன் சொல்லியனுப்பினார். நேர்மையாக வந்தது உம்மிடமே இருக்கட்டும் என்று பெர்டினாண்ட் அரசர் தரப்பு பதில் அனுப்பியது. ஐந்தாவது நான்காவதாகத் திரிந்தது, கொள்ளை கொடையாயிற்று. இருவருமே கண்ணியமாக நடந்துகொண்ட அபூர்வம் இது.

ஏழாவது கண். இடப்பொருள். டிஷியனின் ‘பெர்ஸியஸும் ஆண்ட்ரோமிடாவும்’ லண்டன் ஹெர்ட்போர்ட் மாளிகையில் பல காலம் குளியலறைக்கண் தொங்கியது. அங்கே டிஷியன் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காததால் யாரும் பார்க்கவில்லை. ‘ஐரோப்பா’வுக்கு இடம் வாய்த்தது எட்டாவது வேற்றுமையால்.

எட்டாவது விளி. படவணிகரின் கடிதம் இதில் அடங்கும். 1896இல் பாஸ்டன் சீமாட்டி இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் கேட்டது கெய்ன்ஸ்பரோவின் ‘நீலச் சிறுவன்’. அது கிடைக்கவில்லை என்றதும் அவருடைய ஆலோசகர் பெரன்சன், அதற்குப் பதில் ‘ஐரோப்பா’ என்று எழுதினார். படம் அப்போது கென்ட்டில் டார்ன்லி பிரபு வீட்டில் இருந்தது. லண்டன் வணிகர் கொல்நாகி சுமார் 14,000 பவுண்டுக்கு எடுத்தது. கார்ட்னரிடம் 20,000க்கு வந்தது. பெரன்சன் அம்மையாரிடம் தரகு வாங்கினார், நடுவில் கிடைத்த லாபத்திலும் பங்கு வாங்கினார். விளித்தவனுக்கு இருபுறமும் கூலி.

கார்ட்னர் 1903இல் திறந்த அருங்காட்சியகத்தில் படத்துக்குக் கீழே தம் கவுனிலிருந்து வெட்டிய பட்டைத் தொங்கவிட்டார், எதையும் இடம் மாற்றக் கூடாது என்று உயிலும் எழுதினார். 1990 மார்ச்சில் அங்கே 13 கலைப்பொருள்கள் திருடு போயின. வெர்மீர் போனது, ரெம்பிராண்ட் போனது, ‘ஐரோப்பா’ போகவில்லை. திருடப்பட்டவற்றின் வெற்றுச் சட்டங்கள் அதே சுவரில் தொங்குகின்றன. 2020 மார்ச்சில் இரண்டாம் பிலிப்புக்காக டிஷியன் வரைந்த அந்த ஆறு படங்களும் நானூறு ஆண்டு கழித்து லண்டனில் ஒன்றுகூடின. மூன்றாம் நாள் கொரோனா வந்து கதவை அடைத்தது.

எஞ்சியது தொகை. உருபு மறைந்து நிற்பது. லண்டன் நேஷனல் கேலரியில் கிரானாக்கின் ‘வீனஸிடம் முறையிடும் க்யூபிட்’ இருக்கிறது. தேன் திருடித் தேனீயிடம் கொட்டு வாங்கிய பையன். 1909இல் பெர்லினில் ஏலம் போனது. 1963இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து கேலரி வாங்கியது. பிற்பாடு ஹிட்லரின் சொந்தச் சேகரத்தின் புகைப்பட ஆல்பத்தில் இதே படம் அகப்பட்டது. 1945இல் அமெரிக்கப் படையின் காவலில் இருந்த கிடங்கு ஒன்றிலிருந்து ஒரு பெண் பத்திரிகையாளர், பிடித்ததை எடுத்துக்கொள் என்று விடப்பட்டு, இதைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார். காவலர் கொடுத்தது என்பதால் நான்காவது என்பர் ஒரு சாரார்; கொடுக்கக் காவலருக்குக் கிழமை இல்லை என்பதால் ஐந்தாவது என்பர் மறுசாரார். இரண்டும் 1945க்கே பொருந்தும். 1909இல் ஏலத்தில் எடுத்தவருக்கும் ஹிட்லருக்கும் நடுவே என்ன உருபு தொக்கி நிற்கிறது என்பதை விரிக்க ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.