லாச்சிக்குள் வைக்கும் முறை

முதல் நாளே உங்களுக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, முந்தி இருந்தவர் விட்டுப்போன உடைந்த ஸ்டாப்ளர், பாதிக்குமேல் திறக்க மறுக்கும் ஒரு லாச்சி எல்லாம் கிடைக்கும். ஸ்டாப்ளரை விட்டுவிடுங்கள். லாச்சியைத் திருத்துங்கள். மெழுகுதிரித் துண்டு ஒன்றை ஓரத்தில் நன்றாகத் தேய்த்தால் போதும். வரப்போகும் முப்பது வருட அரசாங்க சேவையில் உங்கள் கை அதிகம் போய்வரப்போவது அந்த லாச்சிக்குள்தான்.

கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் (பெயர் வேண்டாம், எனக்கு ஓய்வூதியம் வேண்டும்) பல காலம் இருந்து எழும்பிய அனுபவத்தில், கடமை நேரத்தில் சொந்தப் போன் பாவிக்கும் முறை பற்றிப் புதிதாக நியமனம் பெற்ற தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் சுவரைப் பாருங்கள். கைத்தொலைபேசிப் பாவனை தடை என்று மூன்று மொழியில் ஒரு பலகை தொங்கும். தமிழில் ஓர் எழுத்தாவது பிழைத்திருக்கும். எங்கள் பலகையில் 'பாவனை'க்கு மூன்று சுழி ணகரம் போட்டிருந்தார்கள். அலுவலாக வந்த வாத்தியார் ஒருவர் பொறுக்கமாட்டாமல் அதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். எதால் எடுத்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

இனி வைக்கும் முறை. போனை வைப்ரேற்றில் போட்டால் சத்தம் வராது என்பது பச்சைப் பொய். இரும்பு லாச்சிக்குள் கிளிப் பெட்டிக்கும் முத்திரைத் தகரத்துக்கும் நடுவில் கிடக்கிற போன் அதிர்ந்தால், பக்கத்து வயலில் லான்ட்மாஸ்டர் ஸ்டார்ட் பண்ணினதுபோல் இருக்கும். எல்லாரும் தத்தமது லாச்சியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆகவே கீழே ஏதாவது மெத்தையாக விரிக்க வேண்டும். துவாய் வேண்டாம், கண்ணில் படும். பழைய காணிக் கோவை ஒன்று நல்லது. வருஷக்கணக்காக எல்லாரும் கேட்கிற, ஒருவரும் எடுக்காத கோவையாகப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். தேட வேண்டியிராது.

எடுக்கும் முறை பலவகை. மேசைக்குக் கீழே குனிந்து செருப்பு வார் பூட்டுவதுபோல் கதைப்பது பழைய முறை. எங்களோடு இருந்த ஒருவர் பாட்டா செருப்போடு பத்து வருஷம் வார் பூட்டினார். கோவையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து அதற்குப் பின்னால் கதைப்பதும் உண்டு, ஆனால் அப்போது கோவைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரக்கூடாது. மூன்றாவது, சைக்கிள் விடுகிற வேப்பமரத்தடி. சிக்னல் அங்கேதான் முழுதாக நிற்கும் என்ற காரணம் எப்போதும் கையில் இருக்கும், அது அநேகமாக உண்மையும்கூட.

இவையெல்லாம் கைவேலை. நேரக் கணக்குத்தான் வித்தை. கந்தோர் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலேகாலுக்கு முடியும். ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா இரவு பதினொரு மணிக்குப் படுக்கப்போகுமுன் ஊருக்கு ஒரு கோல் எடுப்பார். அங்கே கோடை என்றால் அது இங்கே சரியாக எட்டரை, நீங்கள் விரலடையாள மெஷினில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்கிற நேரம். நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். அதே கோல் பிறகு ஒன்பதரைக்கு வரும். மார்ச்சில் திரும்பவும் எட்டரை. லண்டன் மாமி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு எடுப்பது எங்கள் மத்தியானச் சாப்பாட்டோடு ஒட்டிவரும், அதனால் அவவைப் பற்றி முறைப்பாடு இல்லை. கனடாதான் கடமை நேரத்துக்குள் கால் வைக்கிற நாடு. வருஷத்தில் இரண்டு தடவை எங்கள் கந்தோரின் வேலை ஒழுங்கு ரொறன்ரோவில் தீர்மானிக்கப்படுகிறது என்பது தாபன விதிக்கோவையில் எந்த அத்தியாயத்திலும் இல்லை. அலுவலாக வரும் பொதுமக்களுக்கும் ஒரு சொல்: கோடையில் ஒன்பதரைக்கும் மாரியில் எட்டரைக்கும் வந்தால் நல்லது. எந்த நாட்டுக் கோடை என்று கேட்டால் கனடாவுடையது. கிளிநொச்சியில் எப்போதும் கோடைதான்.

வெளிநாட்டுக் கோலை வெட்டிவிட்டு வேலையைப் பார்த்தால் என்ன என்று கொழும்பில் படித்து வந்த ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கொழும்புக்கு செல்டெல் வந்தது 1989இல். தெற்காசியாவிலேயே முதல் கைத்தொலைபேசிச் சேவை என்பார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தபாலே ஒழுங்கில்லை. தொண்ணூறுகளில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் வவுனியாவுக்குப் போகவேண்டும். அங்கே ஒரு கொமினிகேஷனில் சொல்லிவைத்துவிட்டு வாங்கில் காத்திருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடிப்போய், ஹலோ ஹலோ என்று கத்தி, அழுதுமுடிக்குமுன் காசு முடிந்துவிடும். கிளிநொச்சிப் பக்கம் கோபுரங்கள் முளைத்தது 2009க்குப் பிறகு. கோலைத் தேடி நடந்த சனத்தை இப்போது கோல் தேடி வருகிறது. அதை வெட்ட எங்கள் விரல் இன்னும் பழகவில்லை, தம்பி. உங்கள் விரல் பழகியிருந்தால் உங்களுக்குக் கெதியில் பதவி உயர்வு கிடைக்கும்.

அடுத்தது வட்ஸ்அப் குறூப். இங்கே கவனம். ஒருநாள் எங்கள் மேலதிகாரி, கடமை நேரத்தில் கைத்தொலைபேசி பாவிப்பதை உடனடியாக நிறுத்தும்படி சுற்றுநிருபம் ஒன்றை அனுப்பினார். கடதாசிக்குத் தட்டுப்பாடு என்பதால் அதைப் படமெடுத்துக் குறூப்பில் போட்டார். நேரம் காலை பத்தேகால். பணிவுள்ள உத்தியோகத்தர்கள் பதினொருபேர் உடனே கட்டைவிரல் போட்டோம். பின்னேரம் அந்தப் பதினொருபேருக்கும் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது, பத்தேகாலுக்குப் போனில் என்ன செய்தீர்கள் என்று. பன்னிரண்டாவது ஆள், வேப்பமரத்தடியில் கனடாவோடு கதைத்துக்கொண்டிருந்தவர், சுற்றுநிருபத்தைக் காணவே இல்லை. அவருக்கு ஒரு கடிதமும் வரவில்லை. காலையில் மெஷினில் வைக்கிற கட்டைவிரலும் குறூப்பில் போடுகிற கட்டைவிரலும் ஒரே விரல்தான், ஆனால் முதலாவது உங்களைக் காப்பாற்றும், இரண்டாவது மாட்டிவிடும்.

இதில் கோபிக்க ஒன்றுமில்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறபட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் நின்றபோது, எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை குடும்பம், எத்தனை பால்மா என்ற பட்டியல் ஓடித்திரிந்தது எங்கள் சொந்தப் போனில், எங்கள் சொந்த ரீலோட்டில். கந்தோர் ரெலிபோன் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர் என்று வெட்டியபோது, அந்த நாலு லீற்றரும் இருந்தது போனுக்குள். போன் இல்லாவிட்டால் கந்தோருக்கே வரமுடியாது, வந்தபிறகு போன் ஆகாது. ரீலோட் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. கேட்கலாம். பற்றுச்சீட்டு, அழைப்பு விபரம், மேலதிகாரியின் சிபாரிசு, நீங்கள் சொந்தப் போன் பாவித்ததை ஒப்புக்கொள்ளும் கடிதம் நான்கையும் இணைக்க வேண்டும். நாலாவதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முகமாலையில் கண்ணிவெடி அகற்றப் போகிற பிள்ளைகளிடம் இந்தப் புத்திமதியைக் காட்டவேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை அந்த வேலைக்குப் போகிறது. போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே இறங்கினால், ஓய்வு நேரம் வரும்வரைக்கும் அது பையில் கிடந்து அடிக்குமாம். தேடுகிற கருவியின் சத்தம் ஒன்றைத்தவிர வேறு எதற்கும் காது கொடுக்கக்கூடாத வேலை. "அவசரமெண்டால் திரும்பவும் எடுப்பினம்தானே, அண்ணை," என்றாள். வார் பூட்டுகிற கதையை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக, அலுவலாக வந்திருப்பவர் முன்னால் கோல் வந்தால் என்ன செய்வது? போன சித்திரையில் கண்டாவளைப் பக்கமிருந்து ஒரு அம்மா காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி தேடி வந்திருந்தா. நேரம் ஒன்பது. லாச்சி உறுமியது. நான் கேளாததுபோல் பேரேட்டைப் புரட்டினேன். அம்மா பலகையையும் பார்க்கவில்லை, பின்னால் நின்ற வரிசையையும் பார்க்கவில்லை.

"வெளியாலபோலக் கிடக்கு. எடுங்கோ தம்பி."

எடுத்தேன். சித்தப்பாவுக்கு நித்திரை வரவில்லையாம், வேறொன்றுமில்லை. வைத்தபிறகு அம்மா கேட்டா, "அங்க இப்ப என்ன நேரம்?"

"பதினொண்டரை அம்மா. இரா."

"பாவம்."

அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தைக் கண்டுபிடித்துக் கொப்பியில் குறிக்கத் தொடங்க, அம்மாவின் சொப்பின் பைக்குள்ளிருந்து வற்றாப்பளை அம்மன் பாட்டு உரத்துக் கேட்டது. பைக்குள் ஒரு சீலைத்துண்டு, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் போன். மகன், பாரிஸ். விடியப்புறம் ஐந்தரைக்கு வேலைக்குப் போகுமுன் எடுத்திருக்கிறார். அம்மாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டா. மருமகளின் தடிமன், பேரனின் சோதனை, பாரிஸில் தேங்காய் விற்கிற விலை எல்லாம் வரிசையில் நின்றவர்கள் வரைக்கும் போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பின்னால் நின்ற ஐயா ஒருவர் தேங்காய் விலைக்குத் தலையை ஆட்டினார். நான் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா போனை என்னிடம் நீட்டினா. "காணிக் கதை எனக்கு விளங்காது. நீங்களே ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

வாங்கினேன். கடமை நேரம், சொந்தப் போன், ஆனால் என்னுடையதில்லை. கதைத்தது அரசாங்க அலுவல். பிரதி எடுக்க என்னென்ன வேண்டும், எந்தப் படிவம், எத்தனை நாள் என்று எல்லாம் விளங்கப்படுத்தினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"அண்ணை, அடுத்தமுறை அம்மாவை எத்தனை மணிக்கு அனுப்பினால் உங்களுக்கு வசதி?"

"இப்ப கோடைதானே," என்றேன். "ஒன்பதரைக்கு அனுப்புங்கோ."