கை நீண்டால் பவுல்

மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடிக்கிற ஆம்பிளை மனைவி வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். நானும் அப்படித்தான் வந்தாறுமூலைக்கு வந்து சேர்ந்தேன். இதில் வரும் சங்கடங்களில் ஒன்று, வீட்டில் படம் போட்டால் அபிப்பிராயம் சொல்லும் வரிசையில் நான் கடைசி ஆள். எனக்கு முன்னால் மாமி, மாமா, மாமியின் தாயாரான அம்மம்மா, மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், வளவின் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் தம்பி எல்லாரும் நிற்கிறார்கள். வாடகை தருகிறவன் எனக்கு முந்திப் பேசுவது நியாயம்தான்.

கிழக்குப் பல்கலைக்கழகம் இந்த ஊரில் 1981 இல் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் பல்கலைக்கழகமானது. அன்று தொடக்கம் வெளியூர்ப் பிள்ளைகளும் அவர்களுடைய படங்களும் எங்கள் வளவுகளில் குடியிருக்கின்றன. அப்படிக் குடியிருக்கும் தம்பிதான் ப்ரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கிவந்து, மாமாவின் வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, ‘ஸ்பேஸ் ஜாம்’ போட்டான்.

1996 இல் வந்த படம். வேற்றுக் கிரகத்தில் களியாட்டப் பூங்கா நடத்தும் முதலாளிக்கு வியாபாரம் படுத்துவிட்டது. பக்ஸ் பனி என்ற முயலையும் அதன் கூட்டத்தையும் பிடித்துவந்து காட்சிக்கு வைக்க ஆள் அனுப்புகிறான். வந்தவர்கள் முழங்கால் உயரம். இவர்களை வெல்வது லேசு என்று முயல் கூடைப்பந்துக்கு இழுக்கிறது. அவர்களோ அமெரிக்காவின் பேர்பெற்ற ஆட்டக்காரர் ஐந்து பேருடைய திறமையை ஒரு பந்துக்குள் உறிஞ்சி எடுத்து, அரக்கர்களாக வளர்ந்துவிடுகிறார்கள். பறிகொடுத்த ஐவரில் ஷோன் பிராட்லி ஏழரை அடி. மக்சி போக்ஸ் ஐந்தடி மூன்று அங்குலம். போக்கிடம் இல்லாத முயல் மைக்கல் ஜோர்டனைத் தன் உலகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

மெய்யான மனிதனும் கீறின முயலும் ஒரே மைதானத்தில் நிற்பது வெளிநாட்டு விமர்சகர்களுக்குப் பெரிய விசயம். ரொஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரத்துக்கு மூன்றரை கொடுத்தார். பக்ஸ் பனியை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான சக் ஜோன்ஸுக்குப் படம் பிடிக்கவேயில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு கதையாகவே எழும்பவில்லை. விடிய விடிய வடமோடிக் கூத்துப் பார்த்த சனம் இது. பகலில் வயலுக்கு உரம் எறிந்தவன் இரவில் கரப்புடுப்புக் கட்டி வீமனாக வருவான். அரக்கனும் குரங்கும் அரசனும் ஒரே களரியில் ஆடுவார்கள். இவர்களுக்கு முயல் பந்து விளையாடினால் என்ன, பட்டயம் முடித்தால் என்ன?

அம்மம்மாவின் முறைப்பாடு வேறு. “ஆள் வந்தா தான் ஆரெண்டு சொல்லி ஆடோணும் மனே. வரவு இல்லாம என்ன கூத்து?” ஆட்டம் தொடங்க முன் அறிவிப்பாளர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவ சாய்ந்து இருந்தா. அந்த அறிவிப்பாளருக்குக் கட்டியகாரன் பட்டமும் அப்போதே கிடைத்துவிட்டது.

திறமை களவு போன இடத்தில் அவவுக்குச் சந்தேகமே இல்லை. “செய்வினை.” வந்தவரைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று பேர்கேட்ட மட்டக்களப்பில் பிறந்தவ, இந்த விசயத்தில் அவவுடைய தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. திரையில் அந்த ஐந்து பேரும் டொக்டர்களிடம் அலைகிறார்கள். “ஆசுபத்திரியில என்னகா இரிக்கு? அந்தப் பந்த எடுத்துக் கழிப்புக் கழிக்கோணும்” என்றா. கடைசியில் ஜோர்டன் செய்ததும் ஏறக்குறைய அதுதான்: பந்தைத் தொட வைத்தே திறமையை மீட்டுக் கொடுக்கிறார். இடைவேளையில் 66க்கு 18 என்று தோற்றுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு முயல் வெறும் தண்ணீரை ஜோர்டனின் ரகசிய மருந்து என்று சொல்லிக் குடிக்கக் கொடுத்தபோது அம்மம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினா. ஓதின தண்ணிதானே எல்லாம்.

மாமா இதுவரை வாய் திறக்கவில்லை. அவர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் பழைய ஆட்டக்காரர். ஜோர்டனை அமெரிக்கா அறிவதற்கு முன்னமே எங்கள் வாவிக்கரையில் கூடைப்பந்து வேர்விட்டிருந்தது. லூசியானாவிலிருந்து வந்த இயேசுசபைக் குருமாரின் வேலை அது. அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பேரில்தான் இன்றைக்கும் பட்டினத்தில் மைதானம் இருக்கிறது. மிக்கேல் பிள்ளைகளைப் பழக்கிய யூஜின் ஹேபியர் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். கூடப் போன பொடியனும் வரவில்லை. அந்த வீதி வந்தாறுமூலையால்தான் போகிறது. அவருடைய பேர் வந்தால் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

ஆகவே அவருக்குப் படமும் இல்லை, கார்ட்டூனும் இல்லை, மட்ச் மட்டும்தான். நடுவர் செவ்வாய்க் கிரகத்தான், மார்வின். “செவ்வாய்க்காரன் எண்டாப்போல விசில் ஊதப்படாதெண்டு இரிக்கா?” முயலின் ஆட்கள் துவக்கால் சுட்டு அரக்கனின் பல்லைக் கொட்டுகிறார்கள், பவுல் இல்லை. கடைசிச் செக்கனில் ஜோர்டன் நடு மைதானத்திலிருந்து பாய்கிறார். அரக்கர்கள் பிடித்து இழுக்க இழுக்க, கை றப்பர் போல நீண்டு பந்தை வளையத்துக்குள் போடுகிறது. 78க்கு 77. எல்லாரும் கைதட்ட, மாமா எழும்பி வேட்டிக்கு முன்னால் போய் நின்றார். முயலின் முகம் மாமாவின் வயிற்றில் தெரிந்தது.

“இழுத்தவனுக்குப் பவுல். சரி. கை நீண்டவனுக்கு?”

“கை நீளப்படாதெண்டு சட்டத்தில இல்லையே ஐயா,” என்றான் வாடகைத் தம்பி.

“நாய் நீந்தப்படாதெண்டுந்தான் சட்டத்தில இல்ல!”

அது என்ன நியாயம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் மாமா வென்றுவிட்டார். படத்தில் அவருக்குப் பிடித்தது திரைக்குப் பின்னால் நடந்ததுதான். 1995 கோடையில், பச்சை உடுப்புப் போட்ட நடிகர்களை முயல் என்று நினைத்துப் பகல் முழுக்க நடித்த ஜோர்டனுக்கு, படக் கொம்பனி பக்கத்திலேயே ஒரு கூடைப்பந்துக் கூடாரம் போட்டுக் கொடுத்தது. மற்ற ஆட்டக்காரர்களையும் கூப்பிட்டு அங்கே விளையாடினார். அடுத்த பருவத்தில் அவருடைய சிக்காகோ அணி 82 ஆட்டத்தில் 72 வென்றது. “பயிற்சிகா, பயிற்சி. ஓதின தண்ணியில்ல.” அம்மம்மாவுக்குக் கேட்காத தூரத்துக்கு வந்துதான் இதைச் சொன்னார்.

மாமி இருந்த இடத்திலேயே அமெரிக்காவை முடித்துவிட்டா. “இத ரஜினி எப்பயோ செஞ்சிட்டார்.” 1989 இல் வந்த ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினி கார்ட்டூன் மிருகங்களோடு ஆடிப்பாடுகிறார். 89 என்றால் 96க்கு ஏழு வருசம் முந்தி. ‘ரொஜர் ராபிட்’ என்ற ஹொலிவூட் முயல் 88 இலேயே வந்துவிட்டதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். வரிசையில் என் இடம் ஞாபகம் வந்தது. தேத்தண்ணி போடப் போனேன்.

மனைவி ஒரே வசனத்தில் முடித்தா: லோலா என்ற பெண் முயலை வைத்துக்கொண்டு ஜோர்டனை ஏன் தேடினார்கள், எங்கள் நெட்போல் ஆட்டக்காரி, 208 சென்ரிமீற்றர் தர்ஜினியை அனுப்பியிருந்தால் இடைவேளையோடு ஆட்டம் முடிந்திருக்கும். நெட்போலில் பந்தோடு ஓட முடியாது என்று மாமா இழுத்தார். தர்ஜினிக்கு எதற்கு ஓட்டம்?

பிறகு வந்த இரவில் 2021 இல் வெளிவந்த இரண்டாவது படம். இதில் ஜோர்டனுக்குப் பதில் லெப்ரோன் ஜேம்ஸ்; அரக்கன் இருப்பது கொம்பியூட்டருக்குள். உண்மையான சண்டை இதில்தான் வந்தது. லெப்ரோனுக்கு ஒரு மகன், டொம். பிள்ளை கொம்பியூட்டரில் விளையாட்டு உருவாக்குகிறான்; அதைப் படிக்கப் போகவேண்டும் என்கிறான். தகப்பனோ பந்து விளையாடு, பந்து விளையாடு என்று நெருக்குகிறார்.

மாமி நிமிர்ந்து இருந்தா. “நில்லு. என்ன சொல்றான் தகப்பன்?”

தம்பி படத்தை நிற்பாட்டி விளங்கப்படுத்தினான்.

“புள்ள படிக்கப் போறன் எண்டுது, தகப்பன் போய் விளையாடு எண்டுறானா?”

“ஓம் மாமி.”

“ஆரு அரக்கன்? அந்தக் கொம்பியூட்டர்க்குள்ள இரிக்கிறவனா, இவனா?”

இந்தப் படத்தை எடுத்தவர்கள் செங்கலடி ரியூசன் கொட்டில் ஒன்றில் ஒரு சனிக்கிழமை காலையாவது நின்றிருக்கவேண்டும். கதை தலைகீழாக மாறியிருக்கும். அந்த வருசத்து மோசமான நடிகருக்கான ராஸி விருது லெப்ரோனுக்குத்தான் போனது என்று தம்பி சொன்னபோது, மாமி அதை நடிப்புக்குக் கொடுத்ததாக எடுக்கவில்லை. “நல்ல வேலை. தகப்பன் எண்டா இப்பிடியா?”

மகனுக்கு இரண்டாவது படம்தான் பிடித்தது. நிறம் கூட, சத்தம் கூட, எல்லாவற்றுக்கும் மேலாக டொம்முக்குச் சொந்தமாக மடிக்கணினி. அந்தக் கடைசிக் காரணத்தை அவன் மாமியைப் பார்த்தபடியே சொன்னான். மாமாவுக்கு விளங்கிவிட்டது, பேரன் கையை விட்டுப் போகிறான் என்று. விடிந்ததும் மாமரத்தில் பத்தடி அளந்து சோக்கால் கோடு கீறினார்.

கோடு மாமியின் உடுப்புக் கொடிக்குச் சரி நேரே மேலே நின்றது.

“அடிங்க,” என்றா மாமி. “வளையத்த வேணுமெண்டா அடிங்க. ஓ.எல். முடியுமட்டும் ஒருத்தரும் பந்தெறியப்படாது.”

ஓ.எல்லுக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கிறது. மாமா ஏணி எடுக்கப் போய்விட்டார்.