பாலம் தாண்டாமலே

கேள்வி: ரசனைக்குத் தீனி வேண்டுமென்றால் ஜொகூர் பாருக்காரர்கள் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகி, ஸ்கூடாய்

பதில்: பாலத்து நெரிசலில் நிற்கும் நேரத்தில் மூன்று ரசனைகளை இங்கேயே முடித்துவிடலாம், அம்மா!

முதலில் ராஜகாளியம்மன் கோவில். 1922-இல் சிறு குடிசையாகத் தொடங்கியது. இன்று சுவர், தூண், விதானம் எங்கும் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள். ஒரு தூணை ஒட்டி நின்று பாருங்கள்: எங்கும் சின்னச் சின்னத் துண்டுகள். தீபாராதனைச் சுடர் ஒன்று அசைந்தால் மண்டபமே அசைகிறது. நம் முகமும் நூறாகச் சிதறுவதால், தலை கலைந்திருக்கிறதா என்ற கவலைக்கு அங்கே வேலையில்லை. பாங்காக் கோவில் ஒன்றைப் பார்த்துப் பிறந்த யோசனையாம். அங்கே பயணம் போன கோவில் பொறுப்பாளர் சட்டை, சாக்லேட்டோடு திரும்பாமல் ஒரு கனவோடு திரும்பினார். பயணம் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

அடுத்து ஜாலான் தான் ஹியோக் நீ. ஹியாப் ஜூ பேக்கரியில் இன்றும் விறகடுப்புதான். வாழைப்பழக் கேக்கைச் சூடு ஆறுமுன் பிட்டு வாயில் போடுங்கள். வீடுவரை கொண்டுபோகும் வைராக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

மதியத்துக்கு லக்சா ஜொகூர். இத்தாலி ஸ்பாகெட்டிமேல் நம்மூர் மீன்குழம்பு! முள்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிடுங்கள். ஜொகூர் வழக்கமும் அதுதான்.