வயலட் பேனா வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இந்தியத் தேர்தல் ஆணையம், நிர்வாசன் சதன், புதுதில்லி.
பொருள்: வாக்காளர்களுக்கும் 1, 2, 3 எழுத அனுமதி கோருதல் – தொடர்பாக.
பார்வை: சட்ட ஆணையத்தின் 170-வது அறிக்கை, 1999 (தூசு தட்டிப் பார்க்கவும்).

மதிப்பிற்குரிய ஆணையர் பெருமக்களே,

குடியரசுத் தலைவர் தேர்தலன்று ஓட்டுப்போட வரும் எம்.எல்.ஏ. கையில் நீங்கள் ஒரு பேனா கொடுக்கிறீர்கள். வயலட் மை. சொந்தப் பேனாவில் எழுதினால் வாக்கு செல்லாது. பிடித்தவர் பெயருக்கு எதிரே 1 போடலாம். அவர் வராவிட்டால் இவர் பரவாயில்லை என்று 2 போடலாம். ரோமன் எண்ணிலும் எழுதலாம். ௧, ௨ என்று தமிழ் எண்ணிலும் எழுதலாம். ‘ஒன்று’ என்று எழுத்தால் எழுதினால்தான் போச்சு. எவ்வளவு பெருந்தன்மையான ஏற்பாடு! அந்த எம்.எல்.ஏ.வை அனுப்பிவைத்த எங்களுக்கு? ஒரு பட்டன், ஒரு ‘பீப்’. அடுத்த ஆள் வரலாம்.

ஏன் இந்த வித்தியாசம்? 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கேட்டு ஒரு திருத்தம் வந்தது. எண்களை அறிந்து சீட்டில் குறிக்கும் அளவுக்காவது எழுத்தறிவு வேண்டும், நம் நாட்டில் அது இல்லை என்றார் அம்பேத்கர். அன்றைக்கு அது நியாயம்தான். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். இன்று கீரை வாங்க வரும் பாட்டி கைபேசியில் ரகசிய எண் தட்டிப் பணம் அனுப்புகிறார்.

எண் எழுதத் திணறுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2017 குடியரசுத் தலைவர் தேர்தலில் 77 வாக்குகள் செல்லவில்லை. அதில் 21 எம்.பி.க்களுடையவை. 2022-இல் செல்லாதவை 53; எம்.பி.க்கள் 15 பேர். இரண்டு முறையும் களத்தில் இருந்த வேட்பாளர்களே இரண்டு பேர்தான். வேண்டுமென்றே செய்தவர்களும் இருக்கலாம் என்கிறார்கள். அதைக் கேட்டால் இன்னும் கவலையாக இருக்கிறது.

எம்.எல்.ஏ.க்கள் இதேபோல் 1, 2, 3 எழுதித் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களவைக் கணக்கு இன்னும் அழகு. தமிழ்நாட்டில் 6 இடம் காலியானால் 34 எம்.எல்.ஏ.க்களுக்கு ஓர் எம்.பி. 2025 ஜூனில் வாக்குப்பதிவே தேவைப்படவில்லை. தி.மு.க. அணிக்கு 4, அ.தி.மு.க.வுக்கு 2 என்று சுமுகமாக முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மக்களவைத் தேர்தலில் இதே மாநிலத்து மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டோம். தி.மு.க. அணிக்குச் சுமார் 47 சதவீதம். இடம் 39-க்கு 39. அ.தி.மு.க. 20 சதவீதம், பா.ஜ.க. 11, நாம் தமிழர் 8, மூவருக்கும் முட்டை. எம்.எல்.ஏ.க்கள் 34 பேர் ஒன்றுசேர்ந்தால் டெல்லிக்கு ஓர் ஆளை அனுப்ப முடிகிறது. அ.தி.மு.க.வுக்குப் போட்ட எண்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் ஒன்றுசேர்ந்தும் முடியவில்லை.

பாதிக்கப்பட்ட கட்சியே சும்மா இருக்கிறதே என்பீர்கள். 2014-இல் 44 சதவீதத்துக்கு 37 இடம் அள்ளியது அ.தி.மு.க.; அன்று முட்டை தி.மு.க.வுக்கு. அடுத்த குலுக்கலில் பரிசு நமக்கு என்று நம்புகிறவர் லாட்டரிக் கடையைப் பூட்டச் சொல்வாரா?

தேர்தல் நேரத்தில் எங்கள் தெருவில் கேட்கும் பேச்சு இது: ‘நல்ல மனுஷன்தான், ஆனா ஜெயிக்கமாட்டாரு, ஓட்டை வீணாக்காதீங்க.’ 2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். வென்றவரும் பதிவான வாக்கில் பாதியைத் தொடவில்லை. மூன்றாவதாக வந்தவருக்குப் போட்டவர்களிடம், இந்த இருவரில் யார் என்று எவரும் கேட்கவில்லை. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் விருப்பில் வி.வி.கிரிக்குப் பாதி கிடைக்காதபோது, எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் இரண்டாம் விருப்பை எண்ணித்தான் முடிவு சொன்னார்கள். 2024-இல் இலங்கையிலும் அப்படி எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆனார். அங்கே ‘விருப்பு வாக்கு’ எழுதும் உரிமை யாழ்ப்பாணத்து ஆச்சிக்கும் உண்டு.

எங்களுக்கு நீங்கள் ஒன்றுமே தரவில்லை என்று சொல்லக் கூடாது. 2013-இல் நோட்டா வந்தது. ‘யாரும் வேண்டாம்’ என்று சொல்லலாம். ‘இவரும் பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லக் கூடாது.

வாக்கு விகிதப்படி இடம் கொடுத்தால் நிலையான ஆட்சி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 1996, 1998, 1999 என்று மூன்று பொதுத்தேர்தலை அடுத்தடுத்து வரவழைத்ததும், அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்கிற இப்போதைய முறைதான்.

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று பதில் போடுவீர்கள். தெரியும். இந்த வாசல் வழியாக உள்ளே போனவர்களிடம் வாசலை இடிக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பார்வையில் கண்ட அறிக்கை கேட்டதுகூடக் கொஞ்சம்தான்: மக்களவையில் கூடுதலாக 25 சதவீத இடம், அதை வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு. என்னைக் கேட்டால் அது போதாது. ஒருவரை மட்டும் அனுப்பும் தொகுதியில் 1, 2 எழுதியும் பங்கு சரியாக வராது. பக்கத்துத் தொகுதிகளை ஐந்தாறாகச் சேர்த்து, மாநிலங்களவைக் கணக்கை அப்படியே எங்களுக்கும் போடுங்கள். ஒரு தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் என்று 1952-லும் 1957-லும் பல இடங்களில் தேர்ந்தெடுத்த நாடுதான் இது.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-இல். அதற்குள் செல்லாத வாக்குப் போட்ட எம்.பி.க்களை எங்கள் ஊருக்கு அனுப்பினால், ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாலையில் எண் எழுதப் பழக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சிலேட்டும் குச்சியும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
பட்டன் அழுத்த மட்டும் அனுமதிக்கப்பட்ட ஒரு வாக்காளர்