மஞ்சள் விளக்கின் சொல்லிலக்கணம்

காரின் டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் இன்ஜின் விளக்கே இங்கு ஆய்வுப் பொருள். மெக்கானிக்குகள் இதைச் செக் லைட் என்பர். என் மகள் ஹெலிகாப்டர் என்பாள். கிணற்றடி மோட்டார் என்பது அடுத்த வீட்டு அண்ணாச்சியின் பாடம். ஆய்வுக்களம், மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பத்து வயதுப் பெட்ரோல் கார். முன்னோர் இவ்விளக்கைப் பொறியியல் வழியே ஆராய்ந்து தடுமாறினர். இது இலக்கணச் சிக்கல் என்பதே இக்கட்டுரையாளன் துணிபு.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைய வேண்டும். இவ்விளக்கு நமக்காக எரிவதன்று, ஊர்க்காற்றுக்காக எரிவது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் பிறந்து, 1996 முதல் அமெரிக்கக் கார்களுக்கெல்லாம் ஒரே முறையாகி, இந்தியாவுக்கு 2010-இல் பாதியும் 2013-இல் மீதியுமாக வந்து சேர்ந்தது. புகைக்குழாய் வழியே போகக் கூடாதது போகிறதா என்பதே அதன் கவலை. பிரேக் தேய்ந்தால் அது வாய் திறக்காது.

இனி வகை. நிலையாக எரிவது வியங்கோள்: "சௌகரியப்பட்ட நாளில் பார்த்துக்கொள்க." மினுக்கி மினுக்கி எரிவது ஏவல்: "ஓரங்கட்டு!" எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பற்றி, அதை வேக வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் பூசிய சாமான் அது. நகைக்கடை சமாசாரம் என்று கொண்டால் ஏவலின் அவசரம் விளங்கும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் உயிர்த்ததும் அணைவது அசைநிலை. பொருள் ஒன்றுமில்லை. ஆனால் அந்த அசைநிலையே வராத பழைய கார் ஒன்றை யாராவது விற்க வந்தால், அது தொகைநிலை என்று அறிக: உருபை ஒளித்துவிட்டார்கள், பொருள் உள்ளேதான் இருக்கிறது. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவதும் இதன்பாற்படும்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் தீரும் என்பது ஒரு சாரார் கொள்கை. அது பொருந்தாது. என்னை? விளக்கு அணைவது மறதியால், குணத்தால் அன்று. கம்ப்யூட்டர் பெரும்பாலான குறைகளை ஒருமுறை கண்டு நம்பிவிடாது. அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான், அதாவது குறை அடுக்குத்தொடராய் வந்தால்தான், விளக்கேற்றும். ஆகவே இவர்கள் ஓரிரு நாள் வெற்றி கொண்டாடுவர், பிறகு பழையபடியே.

என் மனைவியின் அண்ணன் நியூஜெர்சியிலிருந்து அருளிய பாடம் வேறு: "மாப்ளே, பெட்ரோல் மூடிய நல்லா இறுக்கி மூடுங்க, சரியாப்போகும்." அவர் நாட்டுக்கு அது சரி. அங்கே டேங்கில் அரை மில்லிமீட்டர் துளை வழியே பெட்ரோல் ஆவி கசிந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும் என்பது சட்டம். நம் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை, மூடிக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. இருந்தும் மூன்று முறை இறுக்கினேன். உறவு முக்கியம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, எட்டெட்டாக இரண்டு வரிசையில் பதினாறு துளை கொண்ட ஒரு கப்ளர் உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் டப்பா ஒன்றை அதில் செருகினால், விளக்கின் உட்பொருள் செல்போனில் எழுத்தாக வரும். எனக்கு வந்தது பி0303.

இதைப் பிரிப்போம். பி பகுதி, இன்ஜின், கியர்பாக்ஸ் குடும்பத்தைக் குறிக்கும். அடுத்த சுழி சந்தி. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சொல் என்று காட்டும். அங்கே 1 இருந்தால் அது கம்பெனிக்காரரின் வட்டார வழக்கு. 3 இடைநிலை, தீப்பொறி, மிஸ்ஸிங் பற்றியது. இறுதி 03 விகுதி. எண்ணும் இடமும் காட்டுவதுதானே விகுதியின் தொழில்? மூன்றாவது சிலிண்டர். சாரியை இங்கே வரவில்லை. நன்னூலார் சொன்ன ஆறாவது உறுப்பான விகாரம் கோட்டில் எங்கும் காணோம். அதை வண்டியில்தான் தேட வேண்டும் என்று குறித்துவைத்தேன்.

இங்கேதான் உலகம் வழுக்கி விழுகிறது. கோடு குற்றவாளியின் பெயர் அன்று, புகார்தான். பி0420 வந்தால் கன்வெர்ட்டர் போயிற்று என்று வாசிப்பர். ஆனால் அது ஆகுபெயர். கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சார் ஏறி இறங்கி ஆடும், பின்னுள்ளது அடங்கியிருக்க வேண்டும். பின்னதும் சேர்ந்து ஆடினால் இந்தக் கோடு. ஆட வைத்தது குழாயில் உள்ள ஓட்டையாகவும் இருக்கலாம், அந்தச் சென்சாரின் முதுமையாகவும் இருக்கலாம். பி0171 பலபொருள் ஒருமொழி: "காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்று மட்டும் சொல்லும். வெடித்த ரப்பர் ஹோஸா, அழுக்கான காற்றளவு சென்சாரா, சோர்ந்த பெட்ரோல் பம்பா என்பதை வந்துழிக் காண்க. இது தெரியாமல் "சார், சென்சார் மாத்திடலாம்" என்பது, திருடு கொடுத்தவனையே ஸ்டேஷனில் உட்கார வைக்கும் முறை. எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் அதைத்தான் சொன்னார்கள்.

நான் பரிசோதனையில் இறங்கினேன். இன்ஜின் ஆறியபின் மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி, ஒன்றாவதை மூன்றில் மாட்டினேன். கோட்டை அழித்துவிட்டுத் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று வந்தேன். குற்றம் காயிலுடையது என்றால் விகுதி 01 ஆகத் திரிய வேண்டும். திரியவில்லை; மறுபடியும் 03. ஸ்பார்க் பிளக்கையும் அவ்வாறே மாற்றிப் பார்த்தேன். அப்போதும் 03. "வண்டிய ஓட்டுறீங்களா, பிரிச்சு விக்கிறீங்களா?" என்றார் அண்ணாச்சி. ஆய்வுலகில் இத்தகைய மறுப்புரைகள் புதிதல்ல.

காயிலும் பிளக்கும் நிரபராதி என்றால், இன்ஜெக்டர் வரை போகுமுன் வயரைப் பார்ப்பது முறை. டார்ச் அடித்தேன். மூன்றாம் காயிலின் கப்ளருக்கு நான்கு விரற்கடை பின்னே, வயரின் தோல் உரிந்து, செம்பு இழைகளில் பாதி காணாமல் போயிருந்தன. பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சில்லும் மிளகளவு புழுக்கைகளும். தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூவகைப்படும். எலி நிகழ்த்தியது கெடுதல். ஆறாவது உறுப்பு அகப்பட்டது.

வயரை ஒட்டவைக்க எலெக்ட்ரீஷியன் தம்பிக்குக் கால் மணி நேரம் ஆனது. கோட்டை அழித்தேன், விளக்கு அணைந்தது. ஒரு வாரமாயிற்று, இன்னும் எரியவில்லை. பானட்டுக்குள் அண்ணாச்சி கொடுத்த புகையிலைக் கட்டு தொங்குகிறது. அதன் பயன் தனி ஆய்வுக்குரியது.

ஞாயிற்றுக்கிழமை நியூஜெர்சியிலிருந்து போன் வந்தது. முடிவுகளைத் தொகுத்துச் சொல்ல நான் தொண்டையைச் செருமுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்: "ஆமாண்ணே, நீங்க சொன்ன மாதிரி மூடிய இறுக்கினாரு, சரியாயிடுச்சு."