ஒரு கட்டணம், பதினொரு பாதை

லண்டன்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மாமாவுக்கு,

பூமிக்கடியில் ரயில் ஓடும் ஊரில் குடியிருந்துகொண்டு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிறேனே என்று சென்ற கடிதத்தில் குறைப்பட்டிருந்தீர்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஆயுளின் பெரும்பகுதியைப் பிரேக் வண்டியிலேயே கழித்த தங்களுக்கு, ‘வண்டிகள் சௌகரியமாக ஓடுகின்றன’ என்று ஒப்புக்கு எழுதுவது மரியாதை ஆகாது என்று எண்ணியே இத்தனை நாள் மௌனம் சாதித்தேன். இப்போது தங்கள் சமுகத்தில் சமர்ப்பிக்கத்தக்க விஷயம் ஒன்று கைகூடியிருக்கிறது.

இந்த நகரத்துச் சுரங்க ரயிலில் 11 பாதைகளும் 272 நிலையங்களும் இருக்கின்றன. மொத்த நீளம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பெயர்தான் சுரங்கமே ஒழிய, பாதிக்கு மேற்பட்ட தூரம் வெட்டவெளியில், வீடுகளின் கொல்லைப்புறங்களைப் பார்த்துக்கொண்டேதான் ஓடுகிறது. இந்தப் பதினொரு பாதைகளிலும் ஒரே மூச்சில் பிரயாணம் செய்துவிடுவது என்று ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். சங்கல்பம் என்றால் நியமங்கள் வேண்டுமல்லவா? ஒவ்வொரு பாதையிலும் ஒரு நிலைய தூரமாவது போக வேண்டும். எந்த நிலையத்தையும் இரண்டாம் முறை தொடக்கூடாது. புறப்பட்ட இடத்தில் தடுப்புக் கதவைத் தாண்டி உள்ளே போனால், பதினொன்றும் முடியும்வரை வெளியே தலைகாட்டக்கூடாது. கடைசி நியமத்தில் ஒரு லௌகிகமான லாபமும் உண்டு. எத்தனை வண்டி மாறினாலும், நுழைந்த நிலையத்தையும் வெளியேறிய நிலையத்தையும் வைத்துத்தான் ஆய்ஸ்டர் அட்டையில் பணம் கழிப்பார்கள். ஆகையால் பதினொரு பாதைக்கும் ஒரே கட்டணம். ஆனால் உள்ளேயே குடித்தனம் நடத்திவிடக்கூடாது என்பதற்காக ஒரு கால வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் உச்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

‘இது என்ன பைத்தியக்காரத்தனம்?’ என்று அத்தை கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது. அத்தைக்குச் சொல்லுங்கள், நான் இதில் மிகவும் சாதாரணமான பக்தன். ஒரே நாளில் அத்தனை நிலையங்களையும் வண்டியில் தொட்டுவருகிற மகா பக்தர்கள் இங்கே பல தலைமுறைகளாக இருந்துவருகிறார்கள். இடையிலே ஓடலாம், நடக்கலாம், பஸ் ஏறலாம். டாக்ஸியும் சைக்கிளும் கூடாது என்பது அவர்களுடைய விதி. நிலையங்கள் 270 ஆக இருந்த 2015-ஆம் ஆண்டில் இருவர் இதை 15 மணி 45 நிமிஷத்தில் முடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார்கள். வண்டிகளில் கழிப்பறை கிடையாது என்ற ஒரு விவரத்தைச் சிந்தித்த மாத்திரத்திலேயே எனக்கு அந்தப் பெரிய ஆசை அடங்கிவிட்டது. அவர்களை ஊர் பரிகசிப்பதாகவும் எண்ண வேண்டாம். இந்த ரயிலின் 150-ஆவது ஆண்டு விழாவான 2013-இல், மார்க் வாலிங்கர் என்ற கலைஞர் ஒவ்வொரு நிலையத்துக்கும் கறுப்பு வெள்ளையில் வெவ்வேறு சுழல்வழிச் சித்திரம் ஒன்றை எனாமல் தகட்டில் வரைந்து, நுழைவாயிலில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறியும் இட்டுச் சுவரில் பதித்தார். அவற்றுக்கு அவர் கொடுத்த வரிசை எண்கள், 2009-ஆம் வருஷச் சாதனையாளர்கள் எந்த வரிசையில் நிலையங்களைக் கடந்தார்களோ அந்த வரிசைதான்.

புறப்படுவதற்கு முன், ஹாரி பெக் என்ற வரைபடக்காரர் 1931-இல் வரைந்து 1933-இல் அச்சேறிய படத்தின் இன்றைய வாரிசைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக்கொண்டு பல இரவுகள் தவம் கிடந்தேன். பூமிக்கடியில் போகிறவனுக்கு உண்மையான தூரமும் திசையும் எதற்கு, எங்கே மாறவேண்டும் என்று தெரிந்தால் போதாதா என்ற ஞானம் அவருக்கு உதித்தபடியால், கோடுகளையெல்லாம் நேராகவும் சாய்வாகவும் இழுத்து நிறம் தீட்டிவிட்டார். முதலில் மறுத்த நிர்வாகம் பிறகு ஏற்றுக்கொண்டது. இன்று உலகத்து ரயில் படங்களில் பெரும்பாலானவை அந்தப் படத்தின் சந்ததிகளே.

வாட்டர்லூவில் ஆரம்பித்தேன். அங்கிருந்து பாங்க் வரையில் 1898 முதல் ஓடும் பாதைக்கு மொத்தமே இரண்டு நிலையங்கள். தேம்ஸ் நதிக்கு அடியில் குமாஸ்தாக்களை ஆபீசுக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்றே அதன் ஜன்ம லட்சியம். ஆபீஸ் இல்லாத சனி ஞாயிறுகளில் அது ஓடுவதில்லை என்பதால், வேலைநாள் ஒன்றில் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களோடு நெருக்கியடித்துப் பிரயாணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பாங்கில் நார்தர்ன் பாதைக்கு மாறி, ஒரே நிலையம் தள்ளி மூர்கேட்டில் இறங்கினேன்.

இனிமேல்தான் வேடிக்கை. மூர்கேட்டிலிருந்து மேற்கே ஹாமர்ஸ்மித் அண்டு சிட்டி, சர்க்கிள், மெட்ரோபாலிட்டன் ஆகிய மூன்று பாதைகளும் ஒரே தண்டவாளத்தில், ஒரே பிளாட்பாரத்தில், ஒரே ஜாடையுள்ள வண்டிகளோடு ஓடுகின்றன. படத்தில் மட்டும் ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று கருஞ்சிவப்பு. ஒரே அண்டாவின் சாம்பாரை மூன்று வாளிகளில் மொண்டு மூன்று பெயர் சொல்லிப் பரிமாறுவது போலத்தான். ஆயினும் விரதம் விரதமே. இளஞ்சிவப்பு வண்டியில் ஏறி, அடுத்த நிலையமான பார்பிகனில், காலியாக இருந்த நல்ல ஆசனத்தை விட்டு இறங்கி, அந்த வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். கூரை போய் வானம் தெரிகிற பிளாட்பாரம் அது. இருபுறமும் பழைய செங்கற்சுவர், சுவரிடுக்கில் செடி, நடுவே நான். அடுத்து வந்ததும் இளஞ்சிவப்பே, அதையும் போகவிட்டேன். ஆரஞ்சு நிற அங்கி அணிந்த சிப்பந்தி ஒருவர் என்னைப் பார்த்தார். போகிற வண்டியைப் பார்த்தார். பிறகு, ஒரு கனவான் எந்த வண்டியில் ஏறாமல் இருக்க விரும்புகிறார் என்பது அவருடைய சொந்த விவகாரம் என்று தீர்மானித்தவராய், அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். மஞ்சள் வந்தது, ஃபாரிங்டனில் இறங்கினேன். கருஞ்சிவப்பு வந்தது, கிங்ஸ் கிராஸில் இறங்கினேன்.

ஃபாரிங்டனுக்கும் கிங்ஸ் கிராஸுக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டுதான், மாமா, உலகத்தின் முதல் சுரங்க ரயில் பாதையைச் சேர்ந்தது. 1863 ஜனவரி 10-ஆம் தேதி, நீராவி எஞ்சின் புகை கக்க, மரப்பெட்டிகளில் காஸ் விளக்கு எரிய, ஜனங்கள் இதில் முண்டியடித்துப் போனார்கள். திறப்பு விழா விருந்துக்கு அழைக்கப்பட்ட பிரதம மந்திரி பாமர்ஸ்டன் பிரபு, எண்பதை நெருங்கிய தம்முடைய வயதில் கூடியவரை பூமிக்கு மேலேயே இருக்க விரும்புவதாகச் சொல்லி வர மறுத்துவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது.

கிங்ஸ் கிராஸில் நான் ஏறிய விக்டோரியா பாதையைப் பற்றித் தங்களிடம் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. 1968-இல் திறந்த நாளிலிருந்தே அதில் கார்டு கிடையாது. ஓட்டுநர் கதவை மூடிப் பொத்தான்களை அழுத்தினால், வண்டி தானே புறப்பட்டுத் தானே அடுத்த நிலையத்தில் நிற்கிறது. மற்றப் பாதைகளிலும் ஒவ்வொன்றாக அந்த உத்தியோகத்தை எடுத்துவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டோடு இந்த ஊர்ச் சுரங்கத்தில் கார்டு வம்சம் அஸ்தமித்தது. வண்டி ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் சேரும்வரை தங்களை நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து பேக்கர்லூ பாதையில், 1972-ஆம் வருஷத்து வடிவமைப்பில் இன்னும் தள்ளாடி உழைக்கும் வண்டியில் ஒரு நிலையம் சென்று, பிக்காடில்லி சர்க்கஸில் பிக்காடில்லி பாதைக்கு மாறினேன். அது விமான நிலையத்துக்குப் போகும் வண்டி. ஆகவே பெட்டிகளுக்கு நடுவே மனிதர்கள் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டிய பெரிய பெட்டி ஒன்றைக் காலால் அணைத்தபடி உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர், என் முகத்தைப் பார்த்தவுடனே, “தம்பி, எவடத்துக்குப் போறியள்?” என்று கேட்டார்.

“அடுத்த ஸ்டேஷனுக்கு, அம்மா.”

“கிரீன் பார்க்குக்கோ? அதுக்கு நடந்தே போயிருக்கலாமெல்லோ! அங்க ஆர் இருக்கினம்?”

“யாரும் இல்லை, அம்மா. அங்கிருந்து பாண்ட் ஸ்ட்ரீட்.”

அம்மாள் பெட்டியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கவலையோடு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, “வீட்டில பெஞ்சாதி, பிள்ளையள் சுகமோ?” என்று மிகவும் மெதுவாக விசாரித்தார். பதில் சொல்லி முடிப்பதற்குள் கிரீன் பார்க் வந்துவிட்டது. கதவு மூடும்வரை அவர் பார்வை என்னை விட்டு அகலவில்லை.

கிரீன் பார்க்கின் நீண்ட நடைவழியில் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு நடந்தேன். இந்த ஊரில் ஒருவன் எந்த வண்டியை விட்டு எந்த வண்டியில் ஏறினாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. நகரும் படிக்கட்டில் வலப்புறமாக மட்டும் நின்றுவிட்டால் அவனுடைய மற்ற விபரீதங்கள் எல்லாம் மன்னிக்கப்படும். இதே காரியத்தை நான் திருச்சி ஜங்ஷனில் செய்திருந்தால், நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, போகும் ஊர், காரணம், சம்பளம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, சரியான வண்டியில் வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டிருப்பார்கள். விரதம் மூன்றாம் பாதையிலேயே பங்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட விளையாட்டு இந்த மண்ணிலே பிறந்ததற்கு அந்தக் கேளாமையே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கேளாமையில் ஒரு குறையும் உண்டு. தடுக்க ஆள் இல்லாத இடத்தில் மெச்சவும் ஆள் இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீன் பார்க்கிலிருந்து ஜூபிலி பாதையில் பாண்ட் ஸ்ட்ரீட். அங்கிருந்து சென்ட்ரல் பாதை. 1900-இல் அது திறந்தபோது எவ்வளவு தூரம் போனாலும் இரண்டு பென்னிதான் என்று வைத்திருந்தார்களாம். இப்போது அந்தத் தயாளம் போய்ச் சுரங்கத்தின் உஷ்ணம் மட்டும் நிலைத்திருக்கிறது. மார்பிள் ஆர்ச், லங்காஸ்டர் கேட், க்வீன்ஸ்வே கடந்து நாட்டிங் ஹில் கேட்டில் இறங்கி, பதினொன்றாவதான டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஒரே நிலையம் போய், ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டனில் அட்டையைத் தொட்டு வெளியேறினேன். வரம்புக்குள் வந்துவிட்டேன், ஒரு கட்டணம்தான் கழிந்தது. அந்தப் பேட்டையில் எனக்கு ஒரு ஜோலியும் இல்லாதபடியால், உடனே திரும்பி உள்ளே நுழைந்து, வீட்டுக்கு வர இன்னொரு கட்டணம் கொடுத்தேன்.

வீட்டில் விவரம் சொன்னபோது, “வருகிற வழியில் கொத்தமல்லி வாங்கினீர்களா?” என்பதுதான் கேள்வி. ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வண்டிக்கும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், தாமதத்தின் காரணம் என்று தாங்கள் ஆயுள் முழுவதும் குறிப்பேடு எழுதினீர்களே, அந்தப் பாணியில் என் பிரயாணத்தையும் நிலையவாரியாகத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சரிபார்த்து, கார்டு என்ற இடத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த ஊரில் அந்தக் கையெழுத்தைப் போட இப்போது ஆளே கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்.

பி.கு.: ஆபீசில் விடுப்புக்குக் காரணமாக ‘அவசியமான பிரயாணம்’ என்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதான் என்று தாங்களாவது அத்தையிடம் சொல்ல வேண்டும்.